சட்டமும் வணிகமும் சேர்த்துப் படிக்கலாமா? பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மலேசியப் பள்ளித் தேர்வுகளான எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வந்த வாரத்தில் என் கைப்பேசி ஓயாது. "அக்கா, லா படிக்கவா, பிஸ்னஸ் படிக்கவா? ரெண்டும் சேர்ந்த கோர்ஸ் இருக்காமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் வைத்ததும் அம்மாவோ அப்பாவோ அழைப்பார்கள். பினாங்கில் மளிகைக் கடைக்காரர் மகளாகப் பிறந்தவள் நான். பதினான்கு வருடமாகக் கோலாலம்பூரில் வழக்கறிஞர் வேலை. முதலில் சட்டம் மட்டும்தான் படித்தேன். எட்டு வருடம் வேலை பார்த்த பிறகு மாலை வகுப்பில் எம்பிஏ முடித்தேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆகவே இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்கு மட்டும்.

சட்டமும் வணிகமும் சேர்ந்த படிப்பு என்றால் சரியாக என்ன?

ஒரே பெயரில் நாலு விதமான படிப்புகள் விற்கப்படுகின்றன. குழப்பத்தின் வேர் இதுதான்.

முதலாவது, இங்கிலாந்தில் உள்ள மூன்று வருடப் படிப்பு. ஒரே பட்டம்தான், அதற்குள் சட்டப் பாடங்களோடு வணிகப் பாடங்களும் கலந்திருக்கும். இங்கே கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் அங்கே போகும் ஏற்பாடும் உண்டு. இரண்டாவது, ஆஸ்திரேலியாவில் பரவலாக உள்ள ஐந்து வருடப் படிப்பு. அதில் எல்எல்பி ஒன்று, பிகாம் ஒன்று என்று முழுசாக இரண்டு பட்டம் கையில் வரும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் வணிக நிர்வாகமும் சட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் இருக்கிறது. மூன்றாவது அமெரிக்க முறை. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் ஜேடி என்ற சட்டப் பட்டத்தையும் எம்பிஏவையும் சேர்த்துப் படிப்பது. நாலாவது, பெயரில் 'லா' என்ற சொல் இருந்தாலும் உள்ளே வணிகப் பட்டமாகவே இருக்கும் படிப்பு. இந்த நாலாவதுதான் எனக்குக் கவலை தருவது.

மலேசியாவில் லாயராக இந்தப் பட்டம் செல்லுமா?

எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது இது. கோர்ஸ் புத்தகத்தின் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள்.

நம் நாட்டில் யார் வழக்கறிஞர் ஆகலாம் என்பதை 1976ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம் சொல்கிறது. எந்தப் பட்டத்தை ஏற்பது என்று பார்ப்பது சட்டத் தொழில் தகுதி வாரியம். மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூயூஎம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்எல்பி முடித்தவர்கள் நேராக சேம்பரிங் (மூத்த வழக்கறிஞரின் கீழ் தொழில் பயிற்சி) போகலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எல்எல்பியும் அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே பெயர் சொல்லி ஏற்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அங்கே இடம் கிடைத்த பிள்ளைகளிடம் இரட்டைப் பட்டத்தைப் பற்றித் தைரியமாக யோசிக்கச் சொல்கிறேன். பினாங்கின் புகழ்பெற்ற வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான கர்ப்பால் சிங் சட்டம் படித்ததும் சிங்கப்பூரில்தான்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பட்டங்கள் வாரியத்தின் பட்டியலில் இருந்தால், அதற்கு மேல் சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வை எழுத வேண்டும். சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை, பொதுத் தாள் என்று ஐந்து தாள். எளிதான பரீட்சை என்று யாராவது சொன்னால் அவர் அதை எழுதியிருக்க மாட்டார். சிஎல்பி வேண்டாம் என்றால் இங்கிலாந்திலேயே பாரிஸ்டர் ஆகிவிட்டு வரலாம். அதற்குச் செலவு வேறு.

கலப்புப் பட்டத்தில் சிக்கல் வருவது எங்கே என்றால், வாரியம் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை சட்டப் பாடம் இருக்கிறது என்று எண்ணும். ஒப்பந்தம், தீங்கியல் (டார்ட்), அரசியலமைப்பு, குற்றவியல், நிலச் சட்டம், ஈக்விட்டியும் அறக்கட்டளையும் ஆகிய ஆறும் அடிப்படை. மார்க்கெட்டிங்கும் நிதி நிர்வாகமும் நுழையும்போது இவற்றில் ஒன்று விருப்பப் பாடமாகி நழுவிவிடலாம். அந்த ஒன்று போதும், கதவு அடைபட. பட்டத்துக்கு முன் படித்த எஸ்டிபிஎம், ஏ லெவல், ஃபவுண்டேஷன் போன்றவற்றையும் வாரியம் பார்க்கும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங். ஏழு வருடமாவது தொழிலில் இருந்த வழக்கறிஞர் ஒருவரின் கீழ் இருந்து வேலை பழக வேண்டும்.

கல்லூரி ஆலோசகர் "இதுவும் லா கோர்ஸ்தான்" என்கிறார். நம்பலாமா?

என் மாமா மகன் நம்பினான். கெட்டிக்காரன், கணக்கிலும் ஆங்கிலத்திலும் முதல் மாணவன். கோலாலம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில், வணிகமும் சட்டமும் சேர்ந்த பட்டத்தில் சேர்ந்தான். "படிச்சு முடிச்சதும் சிஎல்பி எழுதலாம்" என்று சேர்க்கை நாளன்று சொன்னார்களாம். வாயால் சொன்னதுதான், எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று வருடம் முடித்து, பட்டமளிப்பு விழாவில் மாமா வேட்டி கட்டிக்கொண்டு படம் எடுத்து, அதற்கப்புறம் வாரியத்துக்கு எழுதிக் கேட்டபோதுதான் அந்தப் பட்டம் ஏற்கப்படாது என்று தெரிந்தது. அவன் இன்று ஒரு வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனாலும் தீபாவளிக்கு வீட்டில் யாராவது என்னை "லாயர் அக்கா" என்று கூப்பிட்டால் அவன் முகம் மாறுவதை இன்னும் பார்க்கிறேன்.

அதனால் ஆலோசகரிடம் கோபப்படாமல், மரியாதையாக ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பெயருள்ள பட்டத்தைத் தகுதி வாரியம் ஏற்கிறது என்று எழுதித் தருவீர்களா?" பிறகு நீங்களே வாரியத்துக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் முழுப் பெயர், பாடப் பட்டியல், எத்தனை வருடம் எங்கே படிப்பது என்று எல்லாம் எழுதுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். "இன்றைக்குச் சேர்ந்தால் தள்ளுபடி" என்பார்கள். என் மாமா அந்தத் தள்ளுபடியை வாங்கினார்.

பிள்ளை இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்தாள். எஸ்பிஎம் எழுதவில்லை. பிரச்சினையா?

மலாய் மொழித் தகுதி இல்லாமல் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இருந்தால் சரி. இல்லையென்றால் தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எஸ்பிஎம்மில் மலாய்த் தாளை மட்டும் தனித் தேர்வராக இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இருபத்தைந்து வயதில் கட்டுரை எழுதப் பழகுவதைவிடப் பதினெட்டு வயதில் பழகுவது சுலபம்.

இரண்டு பட்டம் இருந்தால் சம்பளம் கூடுமா?

தொடக்கத்தில் கூடாது. சேம்பரிங் மாணவருக்குக் கொடுக்கும் படித்தொகை, ஒரு பட்டத்துக்கும் இரண்டு பட்டத்துக்கும் ஒன்றுதான். நேர்காணலில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது பட்டத்துக்காக யாருக்கும் நூறு வெள்ளி (ரிங்கிட்) கூட்டிக் கொடுத்ததில்லை. ஆங்கிலத்திலும் மலாயிலும் தெளிவாக எழுதத் தெரிகிறதா, சொன்ன நேரத்தில் வேலை முடிகிறதா என்றுதான் பார்ப்போம்.

பலன் தெரிவது ஏழெட்டு வருடம் கழித்து. ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது, கணக்காளர்கள் பேசுவது புரியாமல் தலையாட்டும் வழக்கறிஞரும் இருப்பார், "இந்தக் கடனை ஏன் விலையில் கழிக்கவில்லை?" என்று கேட்கும் வழக்கறிஞரும் இருப்பார். அடுத்த வேலை இரண்டாமவருக்குத்தான் வரும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஐந்து வருடப் படிப்புதான் வழி என்று நான் நினைக்கவில்லை.

கோர்ட்டுக்கும் போய், அப்பாவின் கடையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் படிக்க நினைக்கிறேன். முடியுமா?

கோலாலம்பூரின் கடைவீதியான மஸ்ஜித் இந்தியாவிலிருந்தும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் இந்த ஆசை இருந்தது.

தொழில் செய்ய ஒவ்வொரு வருடமும் பிராக்டிசிங் சர்டிபிகேட் என்ற தொழில் உரிமச் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டத் தொழில் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி, வழக்கறிஞர் வேலை அல்லாத வேறு சம்பள வேலையில் இருப்பவருக்கு அது கிடைக்காது. அதனால்தான் வங்கியிலும் எண்ணெய் நிறுவனத்திலும் உள்ள சட்ட அதிகாரிகள், எவ்வளவு மூத்தவர்களாக இருந்தாலும், அந்த நிறுவனத்துக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதில்லை. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்துவார்கள். குடும்பக் கடையில் பங்கு வைத்திருப்பது வேறு, சம்பளம் வாங்கிக்கொண்டு நிர்வாகம் பார்ப்பது வேறு. எந்த வியாபாரத்தில் எந்த அளவுக்கு ஈடுபடலாம் என்பதற்குத் தொழில் ஒழுக்க விதிகளும் உண்டு. ஆகவே இரண்டு பட்டம் படித்தாலும் ஒரு நேரத்தில் ஒரு நாற்காலிதான். எந்த நாற்காலி என்று தெரிந்துகொண்டு படிக்கப் போங்கள்.

கடை பெரிதாகி நிறுவனமாகும் நிலையில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலாளர் வேண்டும். வழக்கறிஞர் மன்ற உறுப்பினர்கள், கணக்காளர்கள், மைக்சா (நிறுவனச் செயலாளர்கள் சங்கம்) போன்ற தொழில் அமைப்புகளின் உறுப்பினர்கள் அந்தப் பொறுப்புக்குத் தகுதி பெறலாம். எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டமும் வணிகமும் ஒரே மேசையில் சேரும் வேலை இது. நம் பிள்ளைகள் இதைக் கேட்டு வருவது குறைவு என்பது என் வருத்தம்.

சட்டம் மட்டும் படித்தால் வியாபாரம் தெரியாமலே போய்விடுமா?

படிப்பில் கொஞ்சம் வரும். நிறுவனச் சட்டம், வங்கிச் சட்டம், வரி, கூட்டாண்மை எல்லாம் எல்எல்பியிலேயே விருப்பப் பாடங்களாகவாவது கிடைக்கும். வராதது கணக்கு.

எனக்கு அது தெரியவந்த நாள் நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கூட்டு வியாபாரத்தில் அண்ணன் தம்பி பிரிகிற வழக்கு. ஐந்து வருடக் கணக்கு என் மேசையில். எண்கள் கூடுவது தெரிந்தது, அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. கட்சிக்காரரின் தாளை வெளியே காட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து பினாங்குக்குப் போய், எங்கள் கடைக் கணக்கை விரித்துக் கற்றுத் தரச் சொல்லி அப்பாவிடம் உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். மிளகாய் மூட்டைக் கணக்கைக் காட்டி, "சரக்கு ஏறிக்கிட்டே போயி விற்பனை ஏறலைன்னா, வித்துப் போகாததைச் சொத்துன்னு எழுதி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். குடோனைத் திறந்து பாரு" என்றார். திங்கட்கிழமை கோலாலம்பூரில், குடோனைப் பார்வையிட வேண்டும் என்று கடிதம் எழுதினேன். வழக்கு அங்கிருந்துதான் திரும்பியது.

பிறகு எம்பிஏ வகுப்பில் இதே விஷயத்தைப் பெரிய பெயர்களோடு சொல்லித் தந்தார்கள். அப்போது எனக்கு எளிதாகப் புரிந்ததற்குக் காரணம், எட்டு வருடம் பார்த்த வழக்குகள் மனத்தில் இருந்ததுதான். பதினெட்டு வயதில் படித்திருந்தால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்பேன். நல்ல எம்பிஏ வகுப்புகள் வேலை அனுபவம் கேட்பதும் இதனால்தான். தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் யூஎஸ்எம், 2015இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கிய ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிஸ்னஸ் என்று வாய்ப்புகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வணிகத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். சட்டத் தகுதியில் ஓட்டை விழுந்தால் பின்னால் அடைப்பது மிகக் கஷ்டம். இத்தனை கேள்விகளுக்கும் அடியில் நான் சொல்ல வருவது இதுதான்.

இன்னொன்று. சொந்தமாக அலுவலகம் திறந்தால் கட்சிக்காரர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஒரு சென் விடாமல் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்றே 1990ஆம் ஆண்டின் கணக்கு விதிகள் இருக்கின்றன. அடிப்படைக் கணக்கியல் வகுப்பு ஒன்றைப் படிக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஒரு செமஸ்டர் போதும்.

வணிகம் மட்டும் போதாதா? சட்டம் எதற்கு?

பலருக்குப் போதும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த பெரும் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன், மெல்பர்னில் அரசியல் படித்து, 1964இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்தார். தொலைத்தொடர்பும் செயற்கைக்கோளுமாக அவர் கட்டியெழுப்பியதற்குச் சட்டப் பட்டம் தேவைப்படவில்லை. வியாபாரம் செய்கிறவருக்கு எந்த இடத்தில் வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தால் போதும். உங்கள் பிள்ளைக்கு விற்பதிலும் வாங்குவதிலும் கண் மின்னுகிறது என்றால், "லாயர்னா மரியாதை" என்பதற்காகச் சட்டத்துக்குள் தள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் ஜேடியும் எம்பிஏவும் சேர்த்துப் படிப்பது பற்றி?

ஜேடி மூன்று வருடம், எம்பிஏ இரண்டு வருடம். சேர்த்துப் படித்தால் ஐந்துக்குப் பதில் பொதுவாக நாலு. நார்த்வெஸ்டர்ன், பென்சில்வேனியா போன்ற இடங்களில் மூன்றே வருடத்தில் முடிக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கேயே பெரிய நிறுவனங்களில் வேலை செய்து அங்கேயே வாழப் போகிறவர்களுக்கு நல்ல படிப்பு. ஆனால் மலேசியாவில் வழக்கறிஞர் ஆக அமெரிக்க ஜேடி வழியாகாது. திரும்பி வரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதலில் இங்கே ஏற்கும் எல்எல்பி ஒன்றை முடித்துவிட்டுப் போங்கள்.

ஐந்து வருடச் செலவுக்கு என்ன செய்வது?

கூடுதல் வருடத்தின் விலையைக் கல்லூரிக் கட்டணமாக மட்டும் பார்க்காதீர்கள். அந்த வருட வாடகை, சாப்பாடு, அதோடு அந்த வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம், மூன்றையும் கூட்டுங்கள். வெளிநாடு என்றால் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

உள்நாட்டில் அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உண்டு. பெற்றோர் தங்கள் கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். இந்திய மாணவர்களுக்கு மஇகாவின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கல்விக் கடன் தருகிறது. இவற்றையெல்லாம் பார்த்தும் பற்றாமல் வீட்டை அடமானம் வைக்க வேண்டிய நிலை வந்தால், தயவுசெய்து வைக்காதீர்கள். யூபியூ என்ற பொதுச் சேர்க்கை முறை மூலம் அரசுப் பல்கலைக்கழகத்தில் எல்எல்பி கிடைத்தால் சிஎல்பி செலவும் மிச்சம். ஐந்து வருட வெளிநாட்டு இரட்டைப் பட்டத்தைவிட அது நல்ல பேரம். நானும் அப்படிப் படித்தவள்தான்.

பினாங்கிலேயே இருந்து படிக்க முடியுமா?

யூஎஸ்எம்மில் மேலாண்மை இருக்கிறது, சட்டப் பட்டம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது கெடாவில் சிந்தோக், யூயூஎம். வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம்.

அப்படியானால் சேர்த்துப் படிப்பது யாருக்குத்தான் பொருந்தும்?

நிறுவனங்கள் கைமாறும் வேலை, பங்குச் சந்தை, வரி, இஸ்லாமிய நிதி ஆகியவற்றில் ஏற்கெனவே ஆர்வம் பிடித்த பிள்ளைக்கு. எண்ணைக் கண்டால் ஓடாத, அதே சமயம் அறுபது பக்கத் தீர்ப்பைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய பிள்ளைக்கு. உபகாரச் சம்பளம் கிடைத்து, இரண்டும் முழுப் பட்டமாக வந்து, எல்எல்பி வாரியத்தின் பட்டியலிலும் இருந்தால் மகிழ்ச்சியாகப் போகலாம். "முடிவெடுக்க முடியவில்லை, அதனால் இரண்டையும் எடுக்கிறேன்" என்பவருக்கு இது பொருந்தாது. இரண்டு பக்கமும் பரீட்சை ஒரே வாரத்தில் வரும்போது, விருப்பம் இல்லாத பக்கம் முதலில் சரியும்.

"இவன் நல்லா வாயாடுறான், லாயருக்கு விடலாம்" என்கிறார்கள். அது போதுமா?

போதாது. உரிமமும் படிப்பும் இல்லாமல் எல்லாவற்றுக்கும் வாதாடுபவரை நம் ஊரில் 'லோயர் புரூக்' என்பார்கள். வாய் மட்டும் இருந்தால் அதுதான் ஆகும். இந்த வேலையின் பெரும்பகுதி வாசிப்பும் எழுத்தும்.

பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்திலோ, பினாங்கில் லைட் ஸ்ட்ரீட் உயர் நீதிமன்றத்திலோ ஒரு காலைப் பொழுது பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.  லைட் ஸ்ட்ரீட்டிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். மதியம் அங்கே தெரிந்தவர் கடை ஒன்றில் சரக்கு எண்ணும் வேலைக்கு உதவட்டும். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் எதைப் பற்றி முதலில் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அப்பா இரட்டைப் பட்டம்தான் வேண்டும் என்கிறார். எப்படிப் பேசுவது?

எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் உங்களுக்கு இரண்டு கதவு திறந்திருக்கட்டும் என்று நினைக்கிறார். வாரியத்தின் பதில் கடிதத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளில் செலவுக் கணக்கு எழுதுங்கள். ஒன்று ஐந்து வருட இரட்டைப் பட்டம், மற்றது எல்எல்பி, சேம்பரிங், பிறகு சொந்தச் சம்பளத்தில் எம்பிஏ. கடை மூடிய பிறகு, சாப்பாடு முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து மூன்று தாளையும் முன்னால் வையுங்கள். "அப்பா, நீங்க கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.